மீன் சினையை எண்ணுவது எப்படி, எண்ணிய பிறகு அந்த எண்ணைப் படிப்பது எப்படி

இராமேசுவரத்திலோ மண்டபத்திலோ காலை ஏலம் முடிந்த பிறகு கூறு கட்டி விற்கும் சூடை மீனை வாங்கி வந்து வீட்டில் அரியும்போது, வயிற்றுக்குள் இரண்டு மஞ்சள் திரிகளாக நீண்டு கிடக்கும் சினையைப் பார்த்து, இதில் எத்தனை முட்டை இருக்கும் என்று கேட்காத பிள்ளைகள் குறைவு. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நாம் மசாலா அரைக்கப் போய்விடுகிறோம். உண்மையில் அந்தக் கேள்விக்கு ஒரே மாலையில், வீட்டு மேசையிலேயே, நம்பத்தகுந்த விடை காண முடியும். அதைவிடக் கடினமானது அடுத்து வரும் கேள்வி: ஏன் இத்தனை, ஏன் இதற்கு மேல் இல்லை? பள்ளி ஆசிரியர்களும் விலங்கியல் படிக்கும் மாணவர்களும் ஆர்வமுள்ள பெற்றோர்களும் இரண்டு கேள்விகளையும் இந்தக் கடற்கரையில் கிடைக்கும் உயிர்களைக் கொண்டே ஆராய்வதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணு நகைத் தராசு, மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், கூர்மையான சிறு கத்தரி, இரண்டு தையல் ஊசி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, கறுப்பு நிறத் தட்டு, கேமரா உள்ள கைபேசி ஆகியவை போதும். முட்டை வெளிர்மஞ்சள் நிறமாக இருப்பதால் வெள்ளைத் தட்டில் கண் ஏமாறும். கறுப்புத் தட்டு கிடைக்காவிட்டால் கறுப்புத் தாளை ஒரு கண்ணாடித் தட்டின் அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆய்வகங்களில் சினையைக் கெட்டிப்படுத்த ஃபார்மலின் பயன்படுத்துவார்கள். வீட்டில் அது வேண்டாம், கொதிநீரே போதும்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்குச் சூடையே ஏற்றது. விலை குறைவு, வடகடல் எனப்படும் பாக் விரிகுடாவிலும் தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாவிட்டாலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வந்துகொண்டிருக்கும் என்பதால் வேலை தடைப்படாது. விற்பவரிடம், "அக்கா, சினை மீனாப் பாத்துக் குடுங்க" என்று சொன்னால் வயிற்றை விரலால் ஒருமுறை அழுத்தியே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை. வெவ்வேறு நீளமுள்ள ஐந்து மீன்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவுள்ள ஐந்தை வாங்கினால் பின்னால் ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது.

வயிற்றைத் திறந்ததும் சினையின் நிலையைப் பாருங்கள். நூல்போல் மெலிந்து, மணி தெரியாமல் இருந்தால் அது இன்னும் முதிரவில்லை. மஞ்சளாக, ரவைபோல மணி மணியாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் எண்ணுவதற்குச் சரியான பருவம். முட்டைகள் கண்ணாடிபோலத் தெளிந்து, அழுத்தினால் வழியும் நிலையில் இருந்தால் சில ஏற்கெனவே வெளியேறியிருக்கக்கூடும். தொய்ந்து, இரத்தம் கட்டியதுபோல் சிவந்து கிடந்தால் முட்டையிட்டு முடித்த மீன் அது. இரண்டாவது நிலையில் உள்ளவற்றை மட்டும் எண்ணுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குழம்புக்கு அனுப்பிவிடலாம்.

எடையும் எண்ணிக்கையும்

ஒவ்வொரு மீனின் நீளத்தையும் எடையையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சினையின் இரு மடல்களையும் கிழியாமல் எடுத்து, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டு எடுங்கள். முட்டைகள் கெட்டிப்பட்டு ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் பக்குவத்துக்கு வரும். துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு முழுச் சினையையும் நிறுங்கள். இந்த எடையைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும், கொதிக்க வைப்பதற்கு முந்தைய எடையை அல்ல. முதல் முறை செய்தபோது முழுச் சினையைப் பச்சையாக நிறுத்துவிட்டு, மாதிரித் துண்டுகளை வேகவைத்த பிறகு நிறுத்தேன். நீர் இழந்த துண்டையும் நீர் இழக்காத சினையையும் ஒரே கணக்கில் கலந்ததால் கிடைத்த விடை எதற்கும் பயன்படவில்லை.

அடுத்து, சினையின் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் தலா 0.20 கிராம் துண்டு எடுங்கள். அதைவிடச் சிறிய துண்டு எண்ணுவதற்கு எளிது என்று தோன்றும், ஆனால் 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் 0.10 கிராமை நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு பிழை தராசிலேயே வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் கறுப்புத் தட்டில் சிறிது நீரில் இட்டு, இரண்டு ஊசிகளாலும் மெல்லப் பிரித்து, முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு பரப்பி, நேர் மேலிருந்து படம் எடுங்கள். படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி, கட்டங்களாகப் பிரித்து, எண்ணிய முட்டையின்மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஒரு துண்டுக்கு அரைமணி நேரம் ஆகும்.

எதை எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரே சினைக்குள் பெரிய முட்டைகளும், அவற்றின் இடையே தூசிபோலச் சிறிய மணிகளும் இருக்கும். பெரியவை இந்தத் தடவை வெளியேற இருப்பவை, சிறியவை அடுத்த ஈட்டுக்கோ அதற்கும் பிந்தியதற்கோ உரியவை. பல மீன்கள் ஒரு பருவத்தில் பல தடவை முட்டையிடுவதால் சிறியவற்றையும் சேர்த்து எண்ணினால் விடை பல மடங்கு வீங்கிவிடும். பெரிய அளவினவற்றை மட்டும் எண்ணுங்கள்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். சினையின் எடை 4.20 கிராம், மூன்று துண்டுகளில் 812, 776, 872 முட்டைகள். சராசரி 820. அதை 0.20-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 4,100, அதை 4.20-ஆல் பெருக்கினால் 17,220. மூன்று துண்டுகளுக்கிடையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு வந்தால் மறுபடி துண்டு எடுங்கள்.

இன்னும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது. அளவுகோலின் ஓரத்தில் பத்து முட்டைகளை ஊசியால் வரிசையாக ஒட்டவைத்து, மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு முட்டையின் விட்டம் கிடைக்கும். இதை ஐந்து மீன்களுக்கும் செய்து பாருங்கள். மீனின் நீளம் கூடக் கூட முட்டையின் எண்ணிக்கை விரைவாக ஏறுவதையும், முட்டையின் விட்டமோ ஏறக்குறைய அப்படியே நிற்பதையும் நீங்களே காண்பீர்கள். 15 செ.மீ. மீனைவிட 18 செ.மீ. மீன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல்; ஆனால் உடலின் கொள்ளளவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவதால் முட்டை சுமார் 1.7 மடங்கு ஆகிவிடும். 300-க்கும் மேற்பட்ட கடல்மீன் இனங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலான இனங்களில் பெரிய தாய்மீன் தன் எடைக்குரிய விகிதத்தைவிடவும் அதிகமாகவே இனப்பெருக்கத்துக்குச் செலவிடுகிறது என்று காட்டியது. ஆகவே ஒரு கிலோ சிறு மீன்களின் சினையும் ஒரு கிலோ எடையுள்ள ஒரே பெரிய மீனின் சினையும் சமமல்ல.

எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

17,220 என்ற எண்ணைக் கண்டதும் இரண்டு முடிவுகளுக்கு மனம் தாவும். கடலில் நிறைய அழிவதால் இனம் அற்றுப்போகாமலிருக்க மீன் இவ்வளவு இடுகிறது என்பது ஒன்று. இவ்வளவு இடுகிற மீன் ஒருநாளும் குறையாது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. இயற்கைத் தேர்வு இனத்தின் நலனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே இனத்துக்குள், எந்தத் தாயின் வழியில் அதிகப் பேரப்பிள்ளைகள் மிஞ்சுகின்றனவோ அந்தத் தாயின் இயல்பு அடுத்த தலைமுறையில் பரவுகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்கும் ஒரு மீன்கூட்டத்தில் ஒரு பெண்மீன் தன் வாழ்நாள் முழுதும் இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டே இரண்டுதான் பெரிதாகி இனம்பெருக்கும் நிலையை அடைகின்றன. சூடைக்கும் இரண்டு, சுறாவுக்கும் இரண்டு. அப்படியானால் ஒன்று பல்லாயிரம் முட்டையும் மற்றொன்று விரல்விட்டு எண்ணும் குட்டிகளும் தருவதற்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

அதைத் தேடுவதற்கு அடுத்த வாரம் ஒரு கடல் கெளுத்தியை வாங்குங்கள். முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும். எனவே விற்பவரிடமே முள்ளை வெட்டித் தரச் சொல்லுங்கள். முதிர்ந்த பெண்ணின் வயிற்றில் கோலிக்குண்டை நினைவூட்டும் சில பத்து முட்டைகள் மட்டுமே இருக்கும். துண்டெடுக்கத் தேவையில்லை, கையாலேயே எண்ணிவிடலாம். முட்டைகளை ஏந்துவது ஆண்மீன். அது அவற்றைத் தன் வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும் வரையிலும், பொரித்த பிறகும் சில காலமும் காக்கிறது. அந்த நாள்களில் இரை எடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஆண்மீன் கையில் கிடைத்தால் குடலை அறுத்துப் பாருங்கள், வெறுமையாக இருக்கும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். சூடையின் முட்டை விட்டம் 0.6 மில்லிமீட்டர், கெளுத்தியின் முட்டை விட்டம் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விட்டத்தில் 20 மடங்கு. கொள்ளளவில் 20-இன் மும்மடி, அதாவது 8,000 மடங்கு. ஒரு கெளுத்தி முட்டைக்கு ஆகும் பொருளில் 8,000 சூடை முட்டைகள் செய்யலாம். 40 முட்டையிட்ட கெளுத்தி 3,20,000 சூடை முட்டைக்கு ஈடான பொருளைக் கொடுத்திருக்கிறது. கஞ்சத்தனம் என்று நினைத்தது பெரும் செலவாக இருக்கிறது. எண்ணிக்கையை முட்டையின் அளவோடும், இட்ட பிறகு பெற்றோர் செய்வதோடும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் வரும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

முட்டையின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் இடையிலான இந்தப் பேரத்தை 1974-இல் ஸ்மித், ஃப்ரெட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வரைபடமாக்கினார்கள். அதை வகுப்பில் ஒரு நூலைக்கொண்டே செய்து காட்டலாம். வரைபடத் தாளில் கிடைக்கோட்டில் ஒரு முட்டைக்குக் கொடுக்கும் பொருளையும், நிலைக்கோட்டில் அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பையும் குறியுங்கள். ஓர் எல்லைக்குக் கீழே எவ்வளவு கொடுத்தும் பயனில்லை. குஞ்சு உருவாகவே உருவாகாது. அந்த எல்லையைத் தாண்டியதும் வாய்ப்பு விரைவாக ஏறும், பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகும். அந்த வளைகோட்டை வரைந்த பின் கிடைக்கோடும் நிலைக்கோடும் சந்திக்கும் மூலையில் நூலின் ஒரு முனையை ஊசியால் குத்தி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக இறக்குங்கள். நூல் முதன்முதலாக வளைகோட்டைத் தொடும் இடந்தான் தாய்க்கு இலாபமான முட்டை அளவு. அதைவிடச் சிறிதாக இட்டால் எண்ணிக்கை கூடியும் பிழைப்பவை குறையும். பெரிதாக இட்டால் ஒவ்வொன்றும் நன்றாகப் பிழைத்தும் மொத்தம் குறையும். தாய் பெரிதானால் அந்தப் புள்ளி நகர்வதில்லை, மொத்தப் பொருள்தான் கூடுகிறது. ஐந்து சூடைகளிலும் விட்டம் மாறாமல் எண்ணிக்கை மாறியதற்கு இதுவே விளக்கம்.

திறந்த கடலில் மிதக்கும் சூடைக் குஞ்சு சற்றே பெரிதாக இருந்தாலும் அதை விழுங்கும் வாய்க்கு அது பொருட்டல்ல. ஆகையால் முட்டைக்குக் கூடுதல் மஞ்சள்கரு கொடுப்பது வீண், வளைகோடு சீக்கிரமே தட்டையாகிவிடுகிறது. கெளுத்தியில் ஆண்மீனின் வாயே அரணாக இருப்பதால் கொடுத்த கரு வீணாவதில்லை. அதே வேளையில் அந்த வாயின் கொள்ளளவே எண்ணிக்கைக்கு உச்சவரம்பாகவும் ஆகிறது. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் 1980-களில் சுருக்குமடி வலைகள் முட்டை ஏந்திய ஆண்மீன் கூட்டங்களை அப்படியே வாரியெடுத்தபோது கெளுத்தி மீன்பிடிப்பு சரிந்துபோனது.

இடம் தரும் வரம்பு

நீலக்கால் நண்டில் வேறொரு வரம்பு வெளிப்படையாகத் தெரிகிறது. சினை நண்டின் வயிற்று மடிப்பின் கீழ் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் முட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கும், பெரிய நண்டில் பத்து இலட்சத்தையும் தாண்டும். தொடக்கத்தில் மஞ்சளாக இருக்கும் அந்தத் திரள், கருக்களுக்குக் கண் தோன்றத் தோன்றப் பழுப்பாகிக் கறுக்கும். நண்டு வலையில் சிக்கிய சினை நண்டைக் கடலிலேயே விடுவதுதான் முறை என்பதால் இதை விலைக்கு வாங்கச் சொல்லமாட்டேன். வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கும் இடத்தில் நின்று பார்த்தாலே நிறத்தைக் குறித்துக்கொள்ளலாம். 1982-இல் ஹைன்ஸ் என்பவர் பல நண்டினங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓர் ஈட்டு முட்டைகளின் எடை தாயின் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகவே இருந்தது. முட்டை வெளியே வருவதற்கு முன் சினை ஓட்டுக்குள்ளேயே வளர்கிறது, ஓடு விரியாது. மீனின் வயிறு உப்பலாம், உப்பிய மீன் விரைந்து நீந்த முடியாமல் இரையாகும் என்பதே அதற்கு வரம்பு. நண்டுக்கு ஓடே பெட்டி.

ஏலக்கூடத்தில் எப்போதாவது கண்ணில்படும் பால் சுறாவின் வயிற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் இருக்கும். ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, தானே இரை தேடும் அளவுக்கு வளர்த்துவிட்டுத்தான் அது குட்டி ஈனுகிறது.

ஊட்டும் உயிர்களில் எண்ணுவது

பறவைகளுக்கு முட்டையிடுவதைவிட அதன் பிறகு ஊட்டுவதே சுமை. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய பறவையியலாளர் டேவிட் லாக் 1947-இல் முன்வைத்த கருத்து எளிமையானது: பெற்றோர் ஊட்டி வளர்த்துப் பிழைக்கவைக்கக்கூடிய குஞ்சுகள் எத்தனைக்கு மிக அதிகமாகின்றனவோ அத்தனை முட்டையிடும் வழக்கமே நிலைபெறும். பின்னர் உழவாரக் குருவிக் கூடுகளில் குஞ்சுகளைக் கூடுதலாக வைத்து நான்காக்கிப் பார்த்தபோது, மூன்று குஞ்சுள்ள கூடுகளைவிட அவற்றிலிருந்து குறைவான குஞ்சுகளே பறந்து போயின. ஆனால் வேறு பல பறவைகள் கூடுதல் குஞ்சுகளையும் வளர்த்துவிட்டன. அப்படியென்றால் அவை ஏன் இயல்பாகக் குறைவாக இடுகின்றன? நெதர்லாந்தில் சிற்றெழால் என்னும் சிறிய வேட்டைப் பறவை வகை ஒன்றில் செய்த ஆய்வு இதற்கு விடை தந்தது: கூடுதல் குஞ்சுகளை வளர்த்த பெற்றோரில் அதிகமானவை அடுத்து வந்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இந்த ஆண்டின் குஞ்சோடு, வரும் ஆண்டுகளில் பெறக்கூடிய குஞ்சுகளையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அடைகாப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் கோழியை அடைக்கு வைக்கும்போது முட்டை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பார்கள். ஒற்றை இரட்டைக்குக் காரணம் எனக்குத் தெரிந்து ஏதுமில்லை, ஆனால் கோழியின் உடம்பு மூடும் அளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று அதோடு சேர்த்துச் சொல்வது முற்றிலும் சரி. ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது.

இதை நேரில் பார்க்க, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் ஆகிய பறவைகள் சரணாலயங்களில் ஒன்றுக்குப் போங்கள். கருவேல மரங்களில் கூழைக்கடா கூடு கட்டியிருந்தால், தொலைநோக்கியால் ஒரே கூட்டை இரண்டு மணி நேரம் பார்த்து, குஞ்சுகள் எத்தனை, பெற்றோர் எத்தனை தடவை வந்து ஊட்டின என்று குறியுங்கள். அதே இரண்டு மணி நேரத்தில் இரண்டு குஞ்சுள்ள கூட்டையும் மூன்று குஞ்சுள்ள கூட்டையும் ஒப்பிட முடிந்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் கிடைத்த பங்கு எவ்வளவு என்பது தெரியும். தனுஷ்கோடி மணல்வெளியில் உப்புக்கொத்தியும் சிறிய ஆலாவும் மணலைக் கீறி இரண்டு மூன்று முட்டைகள் இடும். அங்கே கூடு தேடி நடக்கவே வேண்டாம், முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் கால் பட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

தொடக்கூடாதவை

கடலாமை, கடல்குதிரை, கடலட்டை, ஆவுளியா என்னும் கடற்பசு எதுவும் இந்தப் பயிற்சிக்கு உரியதல்ல; எல்லாம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அங்கே இறங்கக்கூடாது. பங்குனி ஆமை ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகள் இடும் என்பதையும், குழியின் ஆழம் அதன் பின்துடுப்பு எட்டும் தூரமே என்பதையும் வனத்துறையினர் குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் போனால் கேட்டறியலாம். ஆவுளியா 13 அல்லது 14 மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகலாம். 70 ஆண்டு வரை வாழக்கூடியதாக இருந்தும், வாழ்நாளில் அது ஈனும் கன்றுகளை இரு கை விரல்களுக்குள் ஏறக்குறைய அடக்கிவிடலாம் என்பதால், வலையில் சிக்கி இறக்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்தக் கணக்கில் பெரிய குழி.

குறிப்பேடு

குறிப்பேட்டில் உயிரின் பெயர், நீளம், எடை, சினையின் எடை, எண்ணிக்கை, முட்டையின் விட்டம் என்று கோடு போட்டு, கடைசியாக, இட்ட பிறகு பெற்றோர் என்ன செய்கிறது என்பதற்கு அகலமான ஒரு பத்தியை விடுங்கள். முன்னுள்ள பத்திகளை விளக்குவது பெரும்பாலும் அதுதான்.

அந்த ஏட்டில் சேர்க்க எளிதான ஒன்று கரையிலேயே கிடைக்கும். ஆட்டுக் கொம்புபோல் முறுக்கிய, வளையம் வளையமாகத் தோல் போன்ற ஒரு பொருள் அலையோரத்தில் ஒதுங்கியிருந்தால் அது சங்கின் முட்டைக்கூடு. சங்கு குளிப்பவர்கள் அதைச் சங்குப்பூ என்பார்கள், வேலியில் படரும் நீலப் பூவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே அடுக்கடுக்காக அறைகள் இருக்கும். குஞ்சுகள் கடலில் மிதந்து திரியாமல், ஓடு வளர்ந்த சின்னஞ்சிறு சங்குகளாகவே அந்த அறைகளிலிருந்து ஊர்ந்து வெளியேறும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, திறந்த அறைகள் எத்தனை, மூடிய அறைகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூடிய அறைக்குள் ஏதேனும் அசைந்தால் இடுப்பளவு நீரில் இறங்கி அதைக் கடலிலேயே விட்டுவிட்டு, கரைக்கு வந்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.